பனிமலைக்கு எந்தப் பேன்ட்? கேதார்காண்டா குளிர்கால ஏற்றத்துக்கான முழுமையான வழிகாட்டி

பனிமலைக்குப் போவதென்று முடிவெடுத்ததும் நாம் முதலில் வாங்குவது ஜாக்கெட்டைத்தான். கையில் இருக்கும் பணத்தில் பாதி அதற்கே போய்விடுகிறது. கால்களுக்கு என்று வரும்போது, வீட்டில் ஜீன்ஸ் இருக்கிறது, உள்ளே ஒரு தெர்மல் போட்டுக்கொண்டால் ஆயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். பகல் முழுக்கப் பனியில் உரசி முழங்காலுக்குக் கீழே ஊறிப்போன ஜீன்ஸை இரவில் கூடாரத்தின் மூலையில் கழற்றி வைத்தேன். காலையில் அதை எடுத்தபோது, கழற்றிய வாக்கிலேயே, மடிந்த இடம் மடிந்தபடி, பலகையாக விறைத்திருந்தது. அதற்குள் காலை நுழைப்பதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. அது உடல் சூட்டில் இளகி, மறுபடி ஈரத் துணியானபோது பட்ட குளிர் விறைப்பைவிட மோசமாக இருந்தது.

இந்த வழிகாட்டி உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில் உள்ள கேதார்காண்டாவை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாகப் பனியில் நடக்கப் போகிறவர்களில் பலர் தேர்ந்தெடுக்கும் மலை அது. உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர். ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டரில் இருக்கிறது. அங்கே பொருந்தும் பேன்ட் குளிர்காலத்தில் அதே உயரத்துக்குப் போகும் மற்றப் பாதைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதற்படி: உங்கள் நாளை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன், எத்தனை மணி நேரம் நடப்பீர்கள், எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் அல்லது உட்கார்ந்திருப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பேன்ட் தேர்வில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு இதுதான். ஏறும்போது உடலின் மிகப் பெரிய தசைகளில் சேர்ந்த தொடைத் தசைகள் இடைவிடாமல் உழைத்துச் சூட்டை உண்டாக்குகின்றன. ஆகவே, பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் காலையிலும் மூட்டையோடு ஏறுகிறவரின் கால்கள் பெரும்பாலும் குளிர்வதில்லை, வியர்க்கின்றன. ஏற்றம் நின்ற பத்தாவது நிமிடத்தில் அந்த வியர்வைதான் குளிராக மாறுகிறது.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி சாங்க்ரிக்கும் சிகரத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம் வரும். சிகரத்துக்குப் புறப்படும் நாளில் விடியற்காலை மூன்று மணி வாக்கில், குளிர் மிகுந்த வேளையில், நடக்கத் தொடங்குகிறார்கள். இதோடு காற்றும் சேர வேண்டும்: மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். மரங்களுக்கு நடுவே நடக்கும்வரை இந்தக் கணக்கு பெரிதாக உறைக்காது. மரங்கள் முடிந்து திறந்த முகட்டுக்கு வந்ததும் தொடைகளின் முன்புறம் உறைப்பதை வைத்தே காற்றின் திசையைச் சொல்லிவிடலாம்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஜனவரியில் உறைபனி விழுகிற காலை வேளையில் ஜீன்ஸோடு சமாளித்திருக்கிறோமே என்று தோன்றலாம். அங்கே நனைந்தால் அரை மணி நேரத்தில் உலர்ந்த அறைக்குத் திரும்பிவிடுகிறோம். இங்கே நான்கைந்து நாளுக்கு அப்படி ஓர் அறை கிடையாது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நம்மவர்கள் போடும் பஞ்சு வைத்த ஸ்னோ பேன்டும் இங்கே உதவாது. அது நிற்பவருக்கான உடை. அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் ஒரு மணி நேரத்தில் உள்ளே மழை பெய்தது போலாகிவிடும்.

இரண்டாம் படி: பருத்தியை விலக்குங்கள்

நீர் அசைவற்ற காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். குளிர் உடைகள் எல்லாமே துணிக்குள் சிறைப்பட்ட காற்றால்தான் வேலை செய்கின்றன. அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், எவ்வளவு தடித்த துணியாக இருந்தாலும் அது வெப்பத்தை வெளியே கடத்தும் வழியாகிவிடும். சாதாரண அறைக்காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. நைலான் 4 விழுக்காடு. பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. நேரடியாக நனையும்போது இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. கம்பளி 16 விழுக்காடுவரை எடுத்துக்கொண்டாலும் அந்த ஈரத்தை இழையின் உள்ளே வைத்துக்கொள்வதாலும், இழைகள் சுருள் தன்மையை இழந்து படிந்துவிடாததாலும், நனைந்த பிறகும் ஓரளவு சூட்டைக் காப்பாற்றும்.

ஜீன்ஸ் மட்டும் பருத்தி என்று நினைத்துவிடக் கூடாது. கார்கோ பேன்ட், டிராக் பேன்ட், வீட்டில் போடும் ஜாகர், தடித்த லெக்கிங்ஸ் ஆகியவற்றில் பெரும்பாலானவை பருத்தியோ பருத்திக் கலவையோதான். உள்ளாடையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பருத்தி உள்ளாடையின் மேல் விலையுயர்ந்த தெர்மலைப் போட்டால், தோலை ஒட்டிய முதல் துணி நனைந்தே இருக்கும்.

மூன்றாம் படி: உள்ளடுக்கு

தெர்மல் என்று நம் ஊர்க் கடைகளில் விற்பவற்றில் பல, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த பின்னலாடைகள். தில்லிக் குளிரில் அலுவலகம் போகிறவருக்கு அவை சரியாக இருக்கலாம். ஏறி வியர்ப்பவருக்குச் சரிப்படாது. பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் பனிமனிதன் படத்தை விட்டுவிட்டு, உட்புறத் தையலில் இருக்கும் சிறு துணிச்சீட்டைப் படிக்க வேண்டும். பாலியெஸ்டரும் எலாஸ்டேனும் (இழுத்தால் நீளும் இழை) மட்டும் இருந்தால் எடுக்கலாம். மெரினோ கம்பளியாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் இழை மெல்லியது என்பதால் பாட்டி காலத்துக் கம்பளி போலக் குத்தாது, பல நாள் போட்டாலும் நாற்றமெடுக்காது. விலைதான் கூடுதல். பணம் அளவாக இருந்தால் நடப்பதற்குப் பாலியெஸ்டரும் தூங்குவதற்கு மெரினோவும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறித்திருப்பார்கள். 150 முதல் 200 கிராம்வரை உள்ளது நடைக்குப் போதும். 250 கிராம் உள்ளதைத் தூங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடி கட்டாயம் வேண்டும். அதில் ஒன்றைக் கூடாரத்துக்குள் மட்டுமே போட வேண்டும், எக்காரணம் கொண்டும் அதோடு நடக்கக் கூடாது. மாலையில் முகாமுக்கு வந்ததும், தேநீருக்கு ஓடுவதற்கு முன்பே, நடந்த ஜோடியைக் கழற்றிவிட்டு உலர்ந்த ஜோடிக்கு மாறிவிட வேண்டும்.

தெர்மல் தோலை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. கழற்றிய பிறகு இடுப்பிலோ முழங்காலுக்குப் பின்னாலோ சிவந்த கோடு விழுந்தால் ஓர் அளவு பெரியதை எடுங்கள்.

நான்காம் படி: நடைப் பேன்ட்

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் காலை முதல் மாலைவரை உங்கள் மேல் இருக்கப்போவது இந்தப் பேன்ட். பனியில் நடப்பதற்கு நான் பரிந்துரைப்பது சாஃப்ட்ஷெல் எனப்படும் வகை. நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டரோடு கொஞ்சம் எலாஸ்டேன் சேர்ந்த துணி அது. காற்றைப் பெருமளவு தடுக்கும். உலர்ந்த பனித்தூள் மேலே விழுந்தால் தட்டிவிடலாம். அதே சமயம் உள்ளிருந்து வரும் வியர்வை ஆவியை வெளியே விடும். முழுமையான மழைத் தடுப்பு அதற்குக் கிடையாது. மழைக்குத் தனி அடுக்கு வைத்துக்கொள்வதுதான் சரி என்பதால் இதை நான் குறையாக எண்ணுவதில்லை.

சாஃப்ட்ஷெல்லிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, உட்புறம் லேசாகப் பஞ்சு போலச் சுரண்டிவிடப்பட்ட துணி. மற்றொன்று, உள்ளே தனியாக ஃப்ளீஸ் எனப்படும் மயிர் போல மெத்தென்ற செயற்கைத் துணி ஒட்டிய தடித்த துணி. கடையில் கைவிட்டுப் பார்க்கும்போது இரண்டாவதுதான் மனத்தை இழுக்கும். சூடும் வியர்வையும் குறைவாக உள்ளவர்கள், மெல்ல நடப்பவர்கள், எப்போதும் குளிர்கிறது என்று சொல்பவர்கள் அதை எடுக்கலாம். மற்றவர்களுக்கு முதல் வகையும் உள்ளே ஒரு தெர்மலும் சேர்ந்தால் போதும். பிற்பகல் வெயிலில் பனி கண்ணைக் கூசவைக்கும்போது தெர்மலைக் கழற்றிவிட்டு மெல்லிய பேன்டோடு இறங்கலாம். ஒட்டிய ஃப்ளீஸை அப்படிக் கழற்ற முடியாது.

துணிக்கு அடுத்துத் தையலைப் பாருங்கள். பேன்டை மேசை மேல் பரப்பினால் முழங்கால் பகுதி தானாகவே சற்று வளைந்து கிடக்க வேண்டும். அதற்கென்று அங்கே தனி வெட்டும் மடிப்பும் வைத்துத் தைத்திருப்பார்கள். கவட்டில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் சந்திக்காமல், சாய்சதுரமாக ஒரு துண்டுத் துணி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத பேன்ட் பெரிய அடி எடுத்து வைக்கும் நாளில், பெரும்பாலும் எல்லோரும் பின்னால் வரும்போது, அங்கேதான் கிழியும். கணுக்காலின் உட்புறத்தில் தடித்த துணி ஒட்டியிருந்தால், ஷூவில் மாட்டும் இரும்புப் பற்கள் உரசிக் கிழிப்பதிலிருந்து காக்கும். ஜிப் நாக்கில் ஒரு கயிறோ பட்டையோ இருக்க வேண்டும். கையுறையோடு பிடிக்க முடியாத ஜிப் காலை நான்கு மணிக்கு இருந்தும் இல்லாதது போலத்தான்.

ஃப்ளீஸ் பேன்டை மட்டும் வெளியே போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். காற்று அதற்குள் தடையின்றிப் புகுந்துவிடும். பனித்துகள்கள் அதன் மயிர் போன்ற இழைகளில் உருண்டைகளாக ஒட்டிக்கொள்ளும். முகாமில் மாலை நேரத்தில் உட்கார்ந்திருப்பதற்கு அதைவிடச் சுகமான உடை இல்லை என்பதால், இடம் இருந்தால் மூட்டையில் ஒன்று வையுங்கள்.

ஐந்தாம் படி: மேலடுக்கு

நீர்புகாப் பேன்டின் சீட்டில் 5,000, 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று எண்கள் இருக்கும். 10,000 மில்லிமீட்டர் என்றால், சோதனையில் அந்தத் துணியின் மேல் 10 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம் வரும்வரை கசியவில்லை என்று பொருள். அவ்வளவு எதற்கு என்று தோன்றும். விழும் மழையின் அழுத்தம் குறைவுதான். ஆனால் ஈரப்பனியில் உட்காரும்போதும் மண்டியிடும்போதும் உடல் எடை முழுவதும் சிறு பரப்பில் இறங்கி நீரைத் துணிக்குள் தள்ளுகிறது. கேதார்காண்டாவில் சறுக்கி இறங்கக் கூடிய இடங்களில் யாரும் நடந்து இறங்குவதில்லை, உட்கார்ந்தே இறங்குகிறார்கள். அப்போது இந்த எண்ணின் பொருள் பின்புறத்தில் விளங்கும். 10,000 உள்ளதும், தையல்களின் உட்புறத்தில் நீர்புகா நாடா ஒட்டப்பட்டதுமான பேன்ட் இங்கே போதும். நாடா ஒட்டாத தையலோடு 20,000 எண் இருந்தும் பயனில்லை, தையல் துளை வழியே நீர் வந்துவிடும்.

இது மூட்டையிலேயே கிடந்து, பனி பொழியும்போதும் முகட்டில் காற்று அறையும்போதும் மட்டும் வெளியே வரும் உடை. எனவே எடை குறைவாகவும், பக்கவாட்டில் முழங்கால்வரையாவது ஜிப் உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஷூவைக் கழற்றாமல் போடவும் கழற்றவும் முடியாத பேன்டை நீங்கள் தேவையான நேரத்தில் போடவே மாட்டீர்கள்; இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று ஒத்திப்போட்டு நனைந்துவிடுவீர்கள். மைனஸ் 10 டிகிரியில் விழும் உலர்ந்த பனியைவிடப் பூஜ்யத்தை ஒட்டி விழும் ஈரப்பனிதான் அதிகம் நனைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் போகிறவர்களுக்கு இந்த அடுக்கு ஜனவரியில் போகிறவர்களைவிட அதிகமாகவே தேவைப்படலாம்.

ஒரே ஒரு முறைதான் போகிறீர்கள் என்றால் இந்த அடுக்கில் சிக்கனம் பிடிக்கலாம். ஷூவுக்குள் பனி போகாமல் முழங்கால்வரை கட்டும் கெய்ட்டர் உறையும் ஷூவில் மாட்டும் பற்களும் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. தெர்மலை மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டாம். காரணத்தை விளக்கத் தேவையில்லை.

ஆறாம் படி: கடையில் போட்டுப் பார்க்கும் முறை

சென்னையிலோ மதுரையிலோ கடை ஏசிக்குள் நின்று பனிமலைப் பேன்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எதைப் போட்டாலும் புழுங்கும். தடித்த துணி பாதுகாப்பாகத் தோன்றும், மெல்லியது ஏமாற்று போலத் தோன்றும். ஆகவே, சூட்டைப் பற்றி அங்கே தீர்ப்புச் சொல்லாமல் அளவை மட்டும் சோதியுங்கள்.

வீட்டிலிருந்தே தெர்மலை எடுத்துப் போய், அதைப் போட்டுக்கொண்டு அதன் மேல் பேன்டைப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கழிப்பறையில் உட்காருவது போல முழுக்கக் குந்துங்கள். முழங்காலிலோ கவட்டிலோ துணி இழுத்தால், அல்லது பின்னால் இடுப்புப் பட்டி கீழே இறங்கினால், அடுத்த அளவைக் கேளுங்கள். அங்கே இருக்கும் முக்காலியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துப் பாருங்கள். பேன்ட் தொடையை இறுக்கும்போது துணிக்கும் தோலுக்கும் இடையே இருக்க வேண்டிய காற்று நசுங்கிப்போகிறது, இரத்த ஓட்டமும் தடைபடுகிறது. குளிர் முதலில் விரல்களில்தான் தெரியும் என்பதால் ஷூ சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

இடுப்பில் தடித்த பித்தானும் பெல்ட் வாரும் வேண்டாம். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை சரியாக அதன் மேல் அமர்ந்து, மூன்றாம் நாளில் இடுப்பெலும்பில் புண்ணாக்கிவிடும். தட்டையான எலாஸ்டிக்கோ, ஒட்டும் பட்டையோ நல்லது. கயிற்று முடிச்சு விறைத்த விரலுக்கு அவிழாது. முகாம்களில் கழிப்பறை என்பது குழியைச் சுற்றி நிற்கும் ஒரு கூடாரம்; மூன்று அடுக்குகளையும் ஒரே இழுப்பில் இறக்கி ஏற்ற முடிகிறதா என்பதைக் குறிப்பாகப் பெண்கள் சோதித்துக்கொள்ள வேண்டும். இடுப்பு அகலமான பெண்கள், ஆண்கள் பிரிவில் ஓர் அளவு பெரியதை எடுத்துச் சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் தொளதொளத்து முழங்காலில் இடிக்கும் அந்தப் பேன்டைவிட, பெண்களுக்கென வெட்டிய ஒன்றைத் தேடிப் பிடிப்பது மேல்.

கால் நுனி ஷூவின் மேல் விழுந்து மூட வேண்டும், குதிகாலில் மிதிபடக் கூடாது. கணுக்காலில் இறுகும் ஜாகர் வகை வேண்டாம். அது ஏறிக்கொண்டு ஷூவின் வாயைப் பனிக்குத் திறந்து வைக்கும்.

ஏழாம் படி: வீட்டில் ஒரு சோதனை

வாங்கிய தெர்மலையும் ஒரு பழைய பருத்தி லுங்கித் துண்டையும் ஒரே வாளியில் முக்கி, ஒரே மாதிரிப் பிழிந்து, மின்விசிறியின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரத்தைக் கையைவிடக் கன்னம் விரைவாகச் சொல்லும். தெர்மல் தெளிவாக முந்தாவிட்டால் சீட்டில் எழுதியிருப்பதை மறுபடி படியுங்கள். பேன்டின் மேல் ஒரு தேக்கரண்டித் தண்ணீரை ஊற்றினால் அது முத்துமுத்தாக உருண்டு ஓட வேண்டும். உருளாமல் பரவினால், மேற்பரப்பில் பூசிய நீர்விலக்கி தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

புதுப் பேன்டில் அப்படி நடக்காது. சில துவைப்புகளுக்குப் பின் நடக்கும். துணியை மென்மையாக்கும் திரவம் இந்தப் பூச்சுக்குப் பகை. சாதாரணச் சோப்புத்தூளும் எச்சத்தை விட்டுச்செல்லும் என்பதால், கொஞ்சமாகத் திரவச் சோப்பில் அலசி, இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். உலர்ந்த பின், துணிச்சீட்டு அனுமதித்தால் மட்டும், ஒரு பருத்தித் துணியை மேலே விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு ஓரளவு மீண்டெழும். அதற்கும் மசியாவிட்டால் மறுபூச்சுக்கான தெளிப்பான் வாங்க வேண்டியதுதான்.

எட்டாம் படி: மூட்டையும் கூடாரமும்

ஆக, கால்களுக்கு மூட்டையில் இருக்க வேண்டியவை: நடைத் தெர்மல் ஒன்று, தூங்கும் தெர்மல் ஒன்று, நடைப் பேன்ட் ஒன்று, நீர்புகாப் பேன்ட் ஒன்று, விருப்பமிருந்தால் ஃப்ளீஸ் ஒன்று, உள்ளாடைகள். டேராடூனிலிருந்து சாங்க்ரிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் மலைப்பாதை, ஏறத்தாழ ஒரு பகல் முழுக்க வண்டியில் உட்கார வேண்டும். அதற்கு மட்டும் உங்கள் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு போய், சாங்க்ரியில் விட்டுச்செல்லும் பையில் போட்டுவிடலாம்.

தூங்கும் தெர்மலையும் ஒரு ஜோடிக் காலுறையையும் தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, முதுகுப்பையின் அடியில் வையுங்கள். மாலையில் கழற்றிய நடைத் தெர்மல் லேசாக ஈரமாக இருந்தால் உறக்கப் பைக்குள் வயிற்றருகே வைத்துக்கொண்டால் காலைக்குள் உலர்ந்துவிடும். சொட்டச் சொட்ட நனைந்ததை அப்படி வைத்தால் பையும் நனையும். பனி ஒட்டிய பேன்டைக் கூடாரத்துக்கு வெளியிலேயே நன்றாகத் தட்டிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். நெருப்பு மூட்டியிருந்தால் அதன் அருகே காட்டி உலர்த்த வேண்டாம், ஒரு பொறி பட்டாலே நைலானில் உருகிய ஓட்டை விழும்.

சிகர நாளில் புறப்படும்போது கொஞ்சம் குளிர்ந்தபடியே புறப்படுங்கள். கூடார வாசலில் சுகமாக இருக்கும் அளவுக்கு அடுக்கிக்கொண்டவர்கள் இருபதாவது நிமிடத்தில் இருட்டில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள், மொத்த வரிசையும் அவர்களுக்காக நின்று குளிரும். நீர்புகாப் பேன்டை முதுகுப்பையின் மேல்வாயில் வைத்துக்கொண்டு, மரங்கள் முடியும் இடத்தில், திறந்த முகட்டுக்கு ஏறுவதற்கு முன்பே, ஷூவோடு நின்றபடி பக்க ஜிப்பைத் திறந்து போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செயலை வீட்டு மொட்டை மாடியில் கையுறை போட்டபடி, ஷூவோடு, ஒற்றைக் காலில் நின்று ஐந்தாறு முறை செய்து பழகியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.